மாமாவின் இரண்டாம் நாக்கு

என் மாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பீலா என்றால் போதும், நாலு தெரு தள்ளி நின்று கேட்டாலும் வழி காட்டுவார்கள். அம்மாவின் ஒரே தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால், இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு பழைய காரும் அதற்குள் மாமாவும்.

அந்தக் காருக்குப் பின்னால் ஒருமுறை விமானம் ஒன்று வழி கேட்டு ஹார்ன் அடித்திருக்கிறது. மாமா ஒரு நீதிபதிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்த மறுநாள், நீதிபதி தான் கொடுத்த தீர்ப்பையே வாபஸ் வாங்கியிருக்கிறார். லைசென்ஸ் தேர்வில் ஓர் ஆடு பாஸாகியிருக்கிறது. "பார்க்கிங்லதான் கொஞ்சம் சொதப்பிருச்சு" என்று மாமா உண்மையான வருத்தத்தோடு சொல்வார்.

அம்மா கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் சொந்தப் பிள்ளைக்கும் பூஜ்யம் போடுவார். போட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கப்பலில் வேலை என்பதால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில் அம்மாதான் அரசாங்கம், நான் பொதுமக்கள், மாடி அறையில் இருக்கும் மாமா எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சி மெலிய ஆரம்பித்தது எங்களுக்கு உடனே தெரியவில்லை. சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது என்றார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று நாற்காலியிலேயே தூங்கினார்.

"பேசிக்கிட்டே சாப்பிட்டா எப்படிடா இறங்கும்?" என்றார் அம்மா. "வாய் ஒரே நேரத்துல இன்கமிங்கும் அவுட்கோயிங்கும் பாக்குது. டிராஃபிக் ஜாம்."

பிறகு ஒருநாள் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமா வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சிக்னல்ல நின்னுக்கிட்டிருந்தோம். ஒரு இருமல் வந்துச்சு. வாயிலேருந்து இன்னொரு நாக்கு வெளிய வந்திருச்சு."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எவ்ளோ நீளம்?"

"தாடை வரைக்கும் தொங்குச்சு. கையால உள்ள தள்ளி முழுங்கிட்டேன்."

"எது, நாக்கையா?"

"ஆமாக்கா."

"போன மாசம் விமானம். இந்த மாசம் நாக்கு. தேறிட்டு வர்றடா தம்பி."

"சத்தியமாக்கா. வண்டி ஓட்டின தையல்கார அம்மா பாத்தாங்க. அலறிட்டு கதவத் திறந்து இறங்கி ஓடிட்டாங்க. வண்டி கியர்லயே நிக்குது."

"சாட்சியும் ஓடிப்போச்சு. ரொம்ப வசதி."

மாமா என்னைப் பார்த்தார். "மாப்ள, நீயாவது நம்புறியா?"

நான் சிரித்தேன். அது அந்த ஆண்டின் மிக மோசமான சிரிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமா ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனார். ஒரு கதையைச் சொல்லிவிட்டு அதற்கு இரண்டாம் பாகம் சொல்லாமல் அவர் எழுந்து போனதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

அந்த மௌனம் அம்மாவை உறுத்தியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்லன்னு நிரூபிச்சிட்டா நிம்மதி" என்று சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். உணவுக்குழாய் டாக்டர் ஓர் இளம்பெண். வேலையில் சுறுசுறுப்பு, பேச்சில் சிக்கனம். மாமாவுக்கு லேசாக மயக்க ஊசி போட்டு, முனையில் கேமரா வைத்த குழாயை வாய்வழியாக வயிறு வரைக்கும் இறக்கிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. புண் இல்ல, கட்டி இல்ல, அடைப்பு இல்ல."

"அந்த நாக்கு, டாக்டர்?" என்றார் மாமா, இன்னும் முழுதாகத் தெளியாமல்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார்.

"சில பேருக்கு மனசுல கவலை இருந்தா தொண்டையில ஏதோ இருக்கற மாதிரி தோணும். உங்களுக்கு ஏதாவது கவலை இருக்கா?"

"அவனுக்கு என்ன கவலை? கவலையெல்லாம் எங்களுக்குத்தான்" என்றார் அம்மா.

மனசுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையும் நெஞ்சிலேயே நின்றது.

உண்மை வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எதிரே மாமா, ஒரு கிண்ணம் கஞ்சியோடு போராடிக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் கஞ்சிக்கு இறங்கியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

அம்மா பேனாவை நிறுத்தினார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தார்.

"கேள்வி. ஒரு குழாய் தொட்டியை நாலு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரமாகும்? விடை. முதல் குழாயே போதும். எங்கள் வீட்டில் அவசரம் இல்லை."

மாமா சிரித்துவிட்டார். அடுத்தவர் ஜோக்குக்கு அவர் சிரிப்பதே அபூர்வம். சிரிப்பு இருமலானது. இருமல் ஓங்கரிப்பானது. மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

வாயிலிருந்து அது வந்தது.

இளஞ்சிவப்பு. வழவழப்பு. கட்டைவிரலைவிடத் தடிமன். நாக்குக்கு மேலே இன்னொரு நாக்கு போல வழுக்கி வெளியே வந்து, தாடையைத் தாண்டித் தொங்கி, லேசாக ஆடியது. மாமாவின் கண்கள் பிதுங்கின. சத்தமே இல்லை. சத்தம் வர மூச்சு வேண்டும். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

நான் நாற்காலியோடு சேர்ந்து விழுந்தேன். அம்மா எழுந்தார். கையில் சிவப்பு மை பேனா அப்படியே இருந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் போகும் வகுப்பறைக் குரலில் கத்தினார்.

"உள்ள தள்ளு! முழுங்குடா! முழுங்கு!"

மாமா இரண்டு விரலால் தள்ளினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. அது உள்ளே போய்விட்டது. பெரிய ஓசையோடு மூச்சு வந்தது.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். சொல்லிக்காட்ட அவருக்கு அப்போது எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் கெஞ்சுவது போலத்தான் கேட்டார்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா." அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "செருப்பப் போடு. கிளம்பு."

உணவுக்குழாய் டாக்டரின் அறையில் அம்மா உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார். நிறம், தடிமன், எங்கிருந்து எதுவரை தொங்கியது, எந்த விரலால் தள்ளினார், எத்தனையாவது விழுங்கலில் உள்ளே போனது. ஒரு படிகூட விடவில்லை.

டாக்டர் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் கம்ப்யூட்டரைத் திருப்பி, முதல் பரிசோதனையின் வீடியோவை எடுத்து ஓடவிட்டார். ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம் ஒன்றுக்குள் கேமரா இறங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி நிறுத்தினார்.

"இங்க பாருங்க. குழாய் வட்டமா இருக்கணும். இது பிறை மாதிரி ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு. இடது பக்கம் சுவர் உப்பியிருக்கு. மடிப்புன்னு நினைச்சு விட்டுட்டேன்."

மறுபடி ஓடவிட்டார். திரையில் மாமா ஓங்கரித்தார் போலிருக்கிறது. இடது பக்கச் சுவர் மெதுவாக மேலே நகர்ந்து, மெதுவாகக் கீழே வந்தது.

"சுவர் நகராது" என்றார் டாக்டர்.

திரையை எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"நான் சுவர்னு நினைச்சது சுவரே இல்ல. மேலேருந்து தொங்கற கட்டி. கொழுப்பும் நாருமா வளர்ந்து, உணவுக்குழாயோட தோலையே போர்த்திக்கிட்டு இருக்கும். நிறமும் மினுமினுப்பும் ஒண்ணுதான். கேமரா பக்கத்துல உரசிட்டே இறங்கிடும். நாங்க சுவர்மேல என்ன இருக்குன்னு தேடிக்கிட்டே போவோம், அது சுவர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்கும்." மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க வந்த அன்னைக்கே சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

"அதுல பாதி எனக்கு" என்றார் அம்மா.

மாமா இரண்டு மன்னிப்பையும் கவனித்ததாகத் தெரியவில்லை. "டாக்டர், இது நிறைய பேருக்கு வருமா?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம். நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த புரொஃபசரே நேர்ல பாத்ததில்ல."

மாமாவின் முகத்தில் நோயாளிக்குரிய அடையாளம் ஒன்றும் இல்லை. தேர்தலில் ஜெயித்த வேட்பாளரின் முகம் அது.

அன்றே அவரை எக்ஸ்ரே மெஷின் முன்னால் நிறுத்தி, வெள்ளையாகச் சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கவைத்தார்கள். திரையில் வெள்ளைத் திரவம் நேராக இறங்கவில்லை. நீளமான ஒரு நிழலின் இரண்டு பக்கமும் ஆறு பிரிவது போலப் பிரிந்து இறங்கியது. மாமா விழுங்கும்போதெல்லாம் அந்த நிழல் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கியது. கழுத்தில் தொடங்கி நெஞ்சுக்கூட்டின் பாதியையும் தாண்டியிருந்தது.

"இவ்ளோ பெருசா?" என்றேன்.

"நான் குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன் மாப்ள" என்றார் மாமா. அவர் வாழ்க்கையில் முதல்முறை.

கொண்டாட்டம் ஸ்கேன் வரைக்கும்தான் நீடித்தது. ஸ்கேனைப் பார்த்த தொண்டை சர்ஜன், முன்வழுக்கையும் பொறுமையும் உள்ள மனிதர், எங்களை உட்காரவைத்து விளக்கினார். கட்டியின் காம்பு உணவுக்குழாயின் மேல்முனையில் இடது பக்கம் ஒட்டியிருக்கிறது. காம்புக்குள் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வாய்வழியாகக் கருவி விட்டு அறுத்தால் ரத்தம் கொட்டும், நிறுத்துவது கஷ்டம். கழுத்தில் கீறித்தான் எடுக்க வேண்டும். இனி ஒரு இருமலில் அது மூச்சுக்குழாயை மூடிவிட்டால் அவ்வளவுதான், அதனால் ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது. இந்த வகைக் கட்டி பெரும்பாலும் சாது. ஆனால் எப்போதாவது அந்தக் கொழுப்புக்குள் கெட்டது ஒளிந்திருக்கும். முழுசாக எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

"இன்னொண்ணு. குரல் நரம்பு அந்த இடத்த ஒட்டித்தான் போகுது. கவனமாத்தான் செய்வோம். ஆனா குரலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

மாமா தலையை ஆட்டினார்.

வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். நான் இரண்டு நாற்காலி தள்ளி, காது கேட்காதவனைப் போல இருந்தேன்.

"அக்கா."

"ம்."

"உள்ள ஏதாவது கெட்டது இருந்தாக்கூட பரவாயில்ல. குரல் போயிட்டா? பக்கத்து சீட்ல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? கிளட்ச்சுன்னு கையால எழுதிக் காட்டறதுக்குள்ள வண்டி கடைக்குள்ள போயிரும்."

"கடைக்காரன் பாத்துப்பான்."

"விளையாடாதக்கா. பேச்ச விட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு?"

அம்மா நாற்காலியில் அவர் பக்கம் திரும்பினார். "போனா போகட்டும்டா. உன் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். உனக்குப் பதிலா நான் சொல்றேன்."

"உனக்கு வராதுக்கா. நீ உள்ளது உள்ளபடி சொல்லிருவ."

"கத்துக்கறேன்."

அறுவை சிகிச்சையன்று உண்மையான சிக்கல் மயக்க டாக்டருக்குத்தான். எல்லோரையும் முதலில் தூங்கவைத்துவிட்டுப் பிறகு மூச்சுக்குழாயில் குழாய் போடுவார்கள். மாமாவைத் தூங்கவைத்தால் தொண்டை தளர்ந்து, கட்டி புரண்டு வழியை அடைத்துவிடலாம். அதனால் விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்குவழியாகக் குழாயை மெல்ல இறக்கி, மூச்சு பத்திரமான பிறகுதான் தூங்கவைத்தார்கள்.

அம்மா காத்திருப்பு அறையில் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். ஒன்றையும் திருத்தவில்லை. ஒரே தாளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். எட்டிப் பார்த்தேன். குழாய்க் கணக்குத் தாள்.

கதவு திறந்து சர்ஜன் வந்தார். பின்னால் உணவுக்குழாய் டாக்டர். இருவர் கண்ணிலும் பரிசு வாங்கிய பிள்ளைகளின் வெளிச்சம். காம்பைக் கட்டி, வேரோடு எடுத்து, குழாயைத் தைத்தாயிற்று. போனில் ஒரு படத்தைக் காட்டினார் சர்ஜன். தட்டில் அது கிடந்தது, பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

"இருபத்திரண்டு சென்டிமீட்டர்."

அம்மா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். "ஸ்கேல பூஜ்யத்துலேருந்துதானே வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"குரல்?" என்று நான்தான் கேட்டேன்.

"நரம்ப கண்ணால பாத்துட்டே ஒதுக்கினோம். அறுபடல. ஆனா இழுபட்டிருக்கலாம். தையல் ஆறட்டும். நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பேசக் கூடாது என்று மாமாவிடம் சொல்வது தண்ணீரிடம் நனைக்காதே என்று சொல்வது மாதிரி. ஆனால் மாமா பேசவில்லை. கழுத்தில் கட்டு, சாப்பாட்டுக்காக மூக்கில் ஒரு மெல்லிய குழாய், சுவரைப் பார்த்த பார்வை. முடியவில்லையா, முயன்று பார்க்கவே பயமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தைரியம் இல்லை.

அம்மா வாக்கைக் காப்பாற்றினார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கதையை அவரே சொன்னார். முதல் நாள் இருபத்திரண்டு சென்டிமீட்டர். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி "அப்படியா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டதால் அடுத்த தடவை இருபத்தைந்து. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கூட்டமாக வந்த அன்று இருபத்தெட்டு. மாமா கட்டிலில் இருந்தபடி இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்துச் சரியான நீளத்தைக் காட்டுவார். அம்மா அந்தக் கைகளைப் போர்வைக்குள் தள்ளிவிட்டுத் தொடர்வார்.

ஒரு காலையில், மாமாவை மறுபடி வெள்ளைத் திரவம் குடிக்கவைத்துப் படம் எடுத்துவிட்டுக் கூட்டிவந்திருந்தார்கள். வார்டு வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றார். கையில் ஒரு பை ஆப்பிள்.

"சார், நான்தான்... சிக்னல்ல..."

தையல்கார அம்மா. ஓடிப்போன சாட்சி.

"வாங்க, வாங்க" என்றார் அம்மா. "நீங்க மட்டும் அன்னைக்கு ஓடாம இருந்திருந்தா!"

"பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சிட்டேங்க. வெளிய சொன்னா என்னைத்தான் லூசும்பாங்க. அது உண்மையிலயே என்னதாங்க?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தார். விடைத்தாள், சிரிப்பு, இருமல், எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. அந்த நேரத்தில் உணவுக்குழாய் டாக்டரும் சர்ஜனும் வேகமாக உள்ளே வந்தார்கள்.

"ரிசல்ட் வந்துருச்சு" என்றார் டாக்டர். "முழுக்கச் சோதிச்சுட்டாங்க. கெட்டது எதுவும் இல்ல, வெறும் கொழுப்பும் நாரும்தான். தையல்லயும் கசிவு இல்ல. இனிமே வாயால சாப்பிடலாம்."

அம்மா தையல்கார அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினார்.

"கேட்டீங்களா? கெட்டது இல்லையாம்! முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் கட்டி, முப்பத்தஞ்சு! வேரோட எடுத்து..."

"இருபத்திரண்டுக்கா."

எல்லோரும் திரும்பினோம். கரகரப்பாக, ரொம்ப நாள் ஷெட்டில் கிடந்த வண்டியின் ஹார்ன் போல இருந்தது. ஆனால் அந்தக் குரலில் சந்தேகம் இல்லை. மாமாவின் குரல்.

மாமாவே திடுக்கிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். சர்ஜன் கட்டிலுக்கு ஓடினார். "'ஈ'ன்னு இழுத்துச் சொல்லுங்க."

"ஈ..." மாமா இழுத்தார். உடையவில்லை, நடுவில் காற்றாகவில்லை. நிறுத்தச் சொன்ன பிறகும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நரம்பு ஜம்முனு இருக்கு!" என்று சர்ஜன் உணவுக்குழாய் டாக்டரின் தோளில் தட்டினார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"என்னடா சொன்ன?" அம்மா அழுதுகொண்டே அதட்டினார். "அத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்குற?"

"இருபத்திரண்டுன்னா இருபத்திரண்டுதான்க்கா. நான் கஷ்டப்பட்டு வளர்த்தது. எனக்குத் தெரியாதா?"

"சார், அப்ப என் கிளாஸ்?" என்றார் தையல்கார அம்மா.

"நான் வந்ததும் ஆரம்பிக்கலாம். முதல் பாடம், வண்டிய கியர்ல விட்டுட்டு இறங்கி ஓடக் கூடாது."

அம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றுப்போய் எழுந்து போகும் பழக்கம் அவருக்கு இல்லை. தையல்கார அம்மாவின் பக்கம் சாய்ந்து, வகுப்பில் தேற்றம் சொல்லும் அதே முகத்தோடு சொன்னார்.

"தைரியமா இவன்கிட்ட கத்துக்குங்க. இவன் வண்டிக்குப் பின்னாடி ஒரு தடவை விமானமே வழி கேட்டு ஹார்ன் அடிச்சிருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

மாமா வாயைப் பிளந்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் சிரிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும், இரண்டு டாக்டர்கள் உட்பட, பழக்கதோஷத்தில் அவர் வாயையே பார்த்தோம்.

சிரிப்பு வந்தது. கழுத்துக் கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து வார்டு வரைக்கும் கேட்கச் சிரித்தார். இருமல் வரவில்லை. அந்தச் சிரிப்பைத் தவிர வேறு எதுவும் வெளியே வரவில்லை.